மகள் பேருக்கு விட்ட ஆடு

பதினோரு வயதுப் பெண் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளக் கூடியவள் என்று தருமபுரி கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார் ஒரு மனிதர். அந்தப் பெண் அவர் பெற்ற மகள். அவளைப் பெற்றவள் நான். வக்கீல் ஆபீசில் குமாஸ்தா அந்த எதிர்மனுவைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. எங்கள் வக்கீல் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சிரிக்காதீங்கம்மா. தன்னைக் காப்பாத்திக்க முடியாத கொழந்தைக்குத்தான் ஜீவனாம்சம்னு சட்டத்துல இருக்குது. அதத்தான் புடிச்சிருக்கான்" என்றார்.

எதைக் கொண்டு என் மகள் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாள்? ஆட்டைக் கொண்டு. அந்த ஆட்டின் கதையைச் சொல்லாமல் மற்றது எதுவும் விளங்காது.

காரிமங்கலத்துப் பக்கம் ஒரு மானாவாரிக் குடும்பத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். எட்டாவது வரை படித்தவள் என்று கல்யாணத்தின்போது பெருமையாகச் சொன்னவர்களே பின்னால் அதைக் குறையாகச் சொன்னார்கள். மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது அவர் இன்னொருத்தியைக் கொண்டுவந்து காட்டுக்கொட்டாயில் குடிவைத்தார். நான் சண்டை போட்டேன். எனக்குக் கோபம் அதிகம், அதை மறைக்கத் தெரியாது. சண்டைக்குப் பிறகு பிள்ளையை இடுப்பில் எடுத்துக்கொண்டு நல்லம்பள்ளிக்கு அப்பால் இருக்கும் எங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். தானாகப் போனவள் என்பதால் எனக்கு ஒன்றும் கிடையாது, குழந்தைக்கு மட்டும் மாதம் பதினைந்து ரூபாய் என்று பின்னால் கோர்ட்டில் தீர்ப்பானது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்து தாய் வீட்டிலிருந்து அப்பன் வீட்டுக்கு முதல் முறை வரும்போது, அப்பன் வீட்டுப் பட்டியிலிருந்து ஒரு பொட்டைக் குட்டியைப் பிடித்துக் காது நுனியை அறுத்து மூளி செய்து பிள்ளை பேருக்கு விடுவார்கள். அன்றிலிருந்து அந்த ஆடும் அது ஈனுகிற குட்டிகளும் பிள்ளையுடையவை, குட்டிகளுக்கும் காதை அப்படியே அறுப்பார்கள். அந்தப் பணத்தை எடுத்து வீட்டுக்கு உப்பு வாங்கினாலும் பாவம். பிள்ளைக்கு ஒரு குன்றிமணித் தங்கமாவது எடுக்க வேண்டும் என்பது கணக்கு. நான் வந்த ஆறாவது மாதம் என் மாமியார் ஒரு ஆள் மூலம் அந்த ஆட்டை எங்கள் வாசலுக்கு ஓட்டி அனுப்பினார். புள்ளையோட ஆடு புள்ளையோடவே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வீட்டில் மனிதர் என்று ஒருவராவது இருக்கிறாரே என்று எனக்கு அன்று கண் கலங்கியது. நன்றாகக் கலங்கினேன் போங்கள், பின்னால் அதற்கும் சேர்த்துக் கலங்க வேண்டியிருந்தது.

மூன்று வருஷம் பதினைந்து ரூபாயைப் பிள்ளையின் அப்பா ஒழுங்காகக் கோர்ட்டில் கட்டினார். நானும் மாதாமாதம் பஸ் ஏறிப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். பிறகு நின்றது. மழை இல்லை, நிலக்கடலை காய்ந்துவிட்டது, அடுத்த அறுவடைக்கு மொத்தமாகக் கொடுத்துவிடுகிறேன் என்று சந்தைக்கு வருகிறவர்களிடம் சொல்லி அனுப்பினார். அடுத்த அறுவடை வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது. இன்னொரு முறை கோர்ட்டுப் படி ஏறினால் நம் குடும்பப் பேர் என்னாவது என்றார் அண்ணன். போய்க் கேட்பதா, எனக்கென்ன கை கால் இல்லையா என்று நானும் வீம்பாக இருந்தேன். இப்படியே இருபத்தாறு மாதம் ஓடியது.

வீம்பை உடைத்தது மகளின் படிப்பு. எங்கள் ஊர்ப் பள்ளி ஐந்தாவதோடு முடிந்துவிடும். அவள் அந்த வகுப்பில் முதலாவது. வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொன்னால் மூச்சு விடாமல் பதினாறாம் வாய்ப்பாடு வரை போவாள். வாத்தியாரே வீட்டுக்கு வந்து, தருமபுரியில் பெண்கள் ஹைஸ்கூலில் ஆறாவது சேர்த்துவிடுங்கள், இந்தப் புத்தியை வீணாக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தருமபுரி என்றால் பஸ், இரண்டு ஜோடி சீருடை, புத்தகம், நோட்டு. அண்ணனுக்கும் நாலு பிள்ளைகள். அவரிடம் சோறு வாங்கித் தின்பதே என் தொண்டையில் நின்றது, பஸ் காசு எப்படிக் கேட்பது? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் வருஷம் விட்டேன். அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு கரட்டுப் பக்கம் போனாள். இரண்டாம் வருஷமும் அப்படியே பிறந்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. படிக்க வைப்பது அப்பன் கடன், அதை வாங்காமல் விடமாட்டேன் என்று தருமபுரிக்குப் போய் வக்கீலைப் பிடித்தேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மாத பாக்கி என்பது. இருபத்தாறு மாதம் என்றேன். உச்சுக் கொட்டினார். தவணை விழுந்த ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டால்தான் அந்தப் பணத்துக்கு வாரண்ட் கிடைக்கும், பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்டது போனது போனதுதான் என்றார். கொடுக்காமல் இருந்தவருக்கு அதனால் லாபம், பொறுமையாக இருந்தவளுக்கு நஷ்டம். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். இது சட்டம், நியாயம் வேறு என்று சொல்லிவிட்டு வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அந்த மனுவுக்குப் பதிலாகத்தான் ஆடு வந்தது. குழந்தையின் தகப்பனார் குழந்தையின் பராமரிப்புக்காகவே ஆடு கொடுத்திருக்கிறார், அது பெருகிப் பட்டியாகிவிட்டது, அந்த வருமானத்தில் குழந்தை நன்றாகவே இருக்கிறாள், ஆகவே பாக்கி என்று ஒன்று இல்லவே இல்லை. அதற்குச் சாட்சியாக மூன்று சீட்டுகளின் அடிக்கட்டைகளைக் கோர்ட்டில் வைத்திருந்தார்கள். காரிமங்கலம் சந்தையில் நான் கிடாக்குட்டிகளை விற்றபோது சுங்கம் வசூலிப்பவர் கிழித்துக் கொடுத்த சீட்டுகள். ஆட்டின் சொந்தக்காரர் என்ற இடத்தில் என் மகள் பெயரும், இன்னார் மகள் என்று அவர் பெயரும் இருந்தன. எழுதச் சொன்னவள் நான்தான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நல்லம்பள்ளிப் பக்கத்திலேயே விற்றிருக்கலாம். ஆனால் எனக்குக் காரிமங்கலம் சந்தைதான் வேண்டியிருந்தது. அங்கே அவர் ஊர்க்காரர்கள் வருவார்கள், நான் நொடிந்துபோகவில்லை என்பதைப் பார்க்கட்டும் என்று ஒரு வீறாப்பு. சுங்கக்காரர் பெயர் கேட்டபோது என் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. பிள்ளையின் ஆட்டை என் பேரில் விற்றால் அது திருட்டு மாதிரிப் பட்டது. நேர்மையாக நடந்துகொள்கிறோம் என்று நினைத்து மூன்று முறை என் கழுத்துக்கு நானே கயிறு திரித்துக் கொடுத்திருக்கிறேன்.

விற்ற பணத்தை என்ன செய்தீர்கள் என்று வக்கீல் கேட்டார். மகளுக்கு ஒரு ஜோடித் தோடு எடுத்தேன் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இனிமே இந்தக் கேஸ் முடியற வரைக்கும் ஒரு ஆட்டக்கூட விக்கக் கூடாது. வித்து புள்ளைக்கு ஒரு பென்சில் வாங்கினாக்கூட, பாத்தீங்களா, ஆடுதான் புள்ளையக் காப்பாத்துதுன்னு எழுதிடுவான். புரியுதுங்களா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. படிக்க வைக்கப் பணம் வேண்டும் என்றுதான் கோர்ட்டுக்கு வந்தேன். படிக்க வைக்க என் பட்டியில் வழி இருந்தது. இரண்டு ஆட்டை விற்றால் ஒரு வருஷத்துப் பஸ்ஸும் புத்தகமும் ஆகிவிடும். ஆனால் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் கேஸ் தோற்கும், கேஸ் ஜெயிக்க வேண்டுமானால் அவள் பள்ளிக்கூடம் போகக் கூடாது. அவள் பட்டியில் சாணிக் கூடையோடு நிற்பதுதான் எங்கள் பக்கத்துச் சாட்சி. எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். மூன்று மாதம், மிஞ்சிப் போனால் ஆறு மாதம் என்றார் வக்கீல். நம்பினேன். வழக்கப்படியே ஆட்டுப் பணம் தங்கத்துக்குத்தான், படிப்புக்கு அல்ல என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்ததற்குப் பெயர் வாய்தா. ஒரு நாள் அவர் வக்கீலுக்குக் காய்ச்சல். ஒரு நாள் எங்கள் வக்கீலுக்குக் கிருஷ்ணகிரியில் கேஸ். ஒரு நாள் மாஜிஸ்திரேட் லீவு. பிறகு அவருக்கே மாற்றல் வந்துவிட்டது, புதியவர் வந்து கேஸ் கட்டைப் படிக்க இரண்டு வாய்தா. அவருக்கும் மாற்றல் வந்தது. விடியற்காலையில் களி கிண்டி வைத்துவிட்டு, மூன்று மைல் நடந்து, பஸ் ஏறி, பத்து மணிக்கு முன்னால் வராந்தாவில் நிற்பேன். பேர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் மனுவைத் தள்ளிவிடுவார்கள் என்று சொல்லியிருந்ததால் தண்ணீர் குடிக்கக்கூட நகரமாட்டேன். மத்தியானம் மூன்று மணிக்குக் கூப்பிடுவார்கள். உள்ளே போய் நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்த தேதி எழுதியாகிவிடும். பிள்ளையின் அப்பா எதிர்ச் சுவரோரம் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு முறையும் வக்கீல் குமாஸ்தாவுக்கு எட்டணாவோ ஒரு ரூபாயோ. பஸ்ஸுக்கும் குமாஸ்தாவுக்கும் கொடுத்ததை அவள் கையில் கொடுத்திருந்தால் அரை வருஷம் படித்திருப்பாள். அதற்கும் அண்ணனிடம் கைநீட்டத்தான் வேண்டியிருந்தது. பஸ் காசு கேட்கக் கூசிப் பிள்ளையை நிறுத்தியவள், கோர்ட்டுக்குப் போகப் பஸ் காசு கேட்டேன்.

இதற்கு நடுவில், உண்மையில் எத்தனை ஆடு இருக்கிறது என்று எங்கள் ஊர் மணியக்காரர் எண்ணிப் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும் என்று உத்தரவானது. அவர் வரப்போகிற செய்தி முதல் நாளே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பதிமூன்று உருப்படி இருந்தன. அண்ணன் நான் சொல்வதைக் கேட்காமல் ஆறு ஆட்டைப் பிடித்துப் பக்கத்துக் கொட்டாய்க்காரர் பட்டியில் கொண்டுபோய் அடைத்தார். மணியக்காரர் மத்தியானம் வந்து ஏழு என்று எண்ணி எழுதிக்கொண்டார். எழுதிவிட்டுப் போயிருந்தால் சரி. மோர் கொடுத்தோம், குடித்தார். ஊர்க்கதை பேசினார். பொழுது சாய்ந்தது. பக்கத்துக் கொட்டாய்ப் பையன் யார் ஆடு எவர் ஆடு என்று தெரியாமல் பட்டியைத் திறந்துவிட, ஆறும் வரிசையாக எங்கள் வாசலுக்கு வந்து, மணியக்காரர் உட்கார்ந்திருந்த கட்டிலைச் சுற்றிக்கொண்டு பட்டிக்குள் போயின. எல்லாவற்றுக்கும் காது மூளி. மணியக்காரர் எங்களைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தார். ஏழு என்பதை அடித்துப் பதிமூன்று என்று திருத்தி, மறைத்து வைக்கப்பட்ட ஆறு உட்பட என்றும் சேர்த்து எழுதிக்கொண்டு போனார். இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள். அன்று ராத்திரி நான் அண்ணனோடு பேசவில்லை, அவரும் சாப்பிடவில்லை.

என்னைக் கூண்டில் ஏற்றிய நாளும் வந்தது. அவர் வக்கீல் கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். ஆடு யாருடையது? என் பிள்ளையுடையது. யார் கொடுத்தது? அவள் அப்பா வீட்டில். குட்டி போட்டதா? போட்டது. விற்றீர்களா? விற்றேன். நகை எடுத்தீர்களா? எடுத்தேன். ஆறு ஆட்டை மறைத்தீர்களா? அதற்கு நான் பேசாமல் நின்றேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நான் சொன்ன ஒவ்வொரு உண்மையும் அவர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் பொறுக்க முடியவில்லை.

"ஆடு எம் புள்ளையக் காப்பாத்துலீங்க சாமி. எம் புள்ளதான் ஆட்டக் காப்பாத்துறா. ரெண்டு வருஷமா இஸ்கோலு போவாம மேய்க்கிறா" என்றேன்.

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லம்மா என்றார் மாஜிஸ்திரேட். டைப் அடிக்கிறவர் கை நின்றது, பிறகு அடுத்த கேள்விக்குத்தான் அசைந்தது. நான் அந்தக் கேஸில் பேசிய ஒரே முக்கியமான பேச்சு காகிதத்தில் ஏறவில்லை.

அடுத்த வாய்தாவில் அவர் தன் அம்மாவைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமியாரைப் பார்த்து ஒன்பது வருஷமாகியிருந்தது. முட்டி வீங்கி, ஒரு கையை மகன் தோளில் ஊன்றிக்கொண்டு ஏறினார். எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. அந்த அம்மாள் நல்லவர், வழக்கத்தை மீறிப் பேசமாட்டார், இது பிள்ளை பேருக்கு விட்ட ஆடு, ஜீவனாம்சத்துக்குக் கொடுத்தது அல்ல என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வக்கீல் கேட்டது இரண்டே கேள்வி. இந்த ஆடு உங்கள் மகன் பட்டியில் இருந்ததா? ஆமாம். நீங்கள்தான் குழந்தைக்கு அனுப்பி வைத்தீர்களா? ஆமாம். அத்தோடு உட்கார்ந்துவிட்டார். இனி எங்கள் வக்கீல் எழுந்து மூன்றாவது கேள்வியைக் கேட்க வேண்டும். எங்கள் வக்கீல் அன்று கிருஷ்ணகிரியில். அவருடைய ஜூனியர், மீசை அரும்பிய பிள்ளை, கட்டைப் புரட்டிவிட்டு, கேள்வி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டான்.

வெளியில் புங்க மரத்தடியில் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மகன் டீக் குடிக்கப் போயிருந்தார். நான் போய் எதிரில் நின்றேன். ஏன் அத்தை இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் என்னம்மா செஞ்சேன். கேட்டதுக்கு ஆமான்னேன். புள்ள பேருக்கு வுட்டதுதான அது, அத எவனாச்சும் கணக்குல சேப்பானா? அத யாராச்சும் கேப்பாங்கன்னு நின்னுக்கிட்டே இருந்தேன். எறங்குன்னுட்டாங்க" என்றார். பிறகு, புள்ள எந்த உசரம் இருக்கிறா என்று விசாரித்தார். என் தோள் வரை வந்துவிட்டாள் என்றேன். முந்தானையை அவிழ்த்து ஒரு ரூபாய் எடுத்தவர், மகன் வருவதைப் பார்த்து மறுபடி முடிந்துகொண்டார்.

அந்த அம்மாளை மறுபடி கூப்பிட ஒரு மனு, அதற்கு நாலு மாதம். உத்தரவு கிடைத்தபோது அவரால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. மூன்றாவது கேள்வி கேட்கப்படாமலே போனது. புதுச் சட்டம் வரப்போகிறது, அதுவரை பொறுங்கள் என்று ஒரு வாய்தாவில் சொன்னார்கள். சட்டம் வந்தது. ஒரு வருஷக் கெடு அதிலும் அப்படியே இருந்தது.

முடிந்தது ஒருவழியாக. மூன்றாவதாக வந்த மாஜிஸ்திரேட் எங்கள் பக்கத்து ஆள் இல்லை, தஞ்சாவூர்ப் பக்கம் என்று சொன்னார்கள். அவர் அடிக்கட்டையையும் மணியக்காரர் எழுதியதையும் பார்த்துவிட்டு, ஆடு என்பது தகப்பன் வீட்டார் பிறப்பின்போது கொடுத்த பரிசு, கோர்ட்டு உத்தரவுக்கு முன்னாலேயே கொடுத்தது, அது எப்படி உத்தரவுப் பணத்துக்கு ஈடாகும் என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். உத்தரவுக்கு முன்னால் கொடுத்தது! இதைச் சொல்ல ஏன் இரண்டு வருஷம் ஆனது, எங்கள் வக்கீல் இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பன்னிரண்டு மாதத்துக்கு நூற்றெண்பது ரூபாய். அதற்கு முந்தைய பதினாலு மாதம் காலாவதி. வழக்கு நடந்த மாதங்களுக்கு வேறு மனுப் போட வேண்டும், அதிலும் பாதி காலாவதி.

பணம் கட்டாவிட்டால் ஜெயில் என்று படித்ததும் பிள்ளையின் அப்பா அலட்டிக்கொள்ளவே இல்லை. இடுப்புப் பையை அவிழ்த்து, பத்து ரூபாய் நோட்டாகப் பதினெட்டை எண்ணி மேஜை மேல் வைத்தார். கடன் கேட்க ஓடவில்லை, தவணை கேட்கவில்லை. முதல் நாளிலிருந்து அந்தப் பணம் அவரிடம் இருந்திருக்கிறது. தன் வக்கீலுக்கு அதைவிட அதிகமாகவே கொடுத்திருப்பார். அதை எனக்குக் கொடுப்பதில்லை என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. நாலு வருஷம் கொடுக்காமல் இருந்தார், அதில் அவர்தான் ஜெயித்தார். நோட்டுகளை வாங்கும்போது எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். அவற்றை அவர் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்திலேயே மகளைக் கூட்டிக்கொண்டு தருமபுரிக்குப் போனேன். அவளுக்குப் பதிமூன்று நடந்தது. வயதுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பெரிய பெண்ணைப் பஸ்ஸில் அனுப்புவதா என்று அண்ணன் முனகினார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதுத் தாவணி கட்டிவிட்டேன். ஐந்தாவது சர்டிபிகேட்டை ஒரு துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டேன்.

தலைமை ஆசிரியை நல்ல அம்மாள். சர்டிபிகேட்டைப் பார்த்ததும், எல்லாவற்றிலும் முதல் மார்க்கா என்று அவளைப் பார்த்துச் சிரித்தார். மேஜையில் கிடந்த ஆறாவது தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்து, எங்கே, இந்தப் பக்கத்தை வாசி பார்க்கலாம் என்றார். அவள் வாங்கினாள். முதல் வார்த்தையை எழுத்துக் கூட்டினாள். இரண்டாவதையும் எழுத்துக் கூட்டினாள். மூன்றாவதில் ஒரு கூட்டெழுத்தில் நின்று, விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்துப் பார்த்தாள். மூன்று வருஷமாக அவள் கையில் ஒரு காகிதம் ஏறவில்லை. எங்கள் வீட்டில் இருந்த காகிதமெல்லாம் கோர்ட்டுக் காகிதம். அதை நான் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன்.

தலைமை ஆசிரியை புத்தகத்தை மெதுவாக வாங்கிக்கொண்டார். ஆறாவதில் சேர்த்துக்கொள்கிறேன், கொஞ்ச நாளில் பழகிவிடும் என்றார். வகுப்பைக் காட்டினார். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். பாவாடை சட்டை போட்ட சிறுமிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தாவணி போட்டவள் ஒருத்திகூட இல்லை. மகள் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்காமலே வெளிவாசலை நோக்கி நடந்தாள். நான் அந்த அம்மாளிடம் நாளைக்கு வருகிறோம் என்று ஏதோ சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினேன்.

பஸ் ஸ்டாண்டில் நிழலில் நின்றோம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. உன் அப்பனால்தான் எல்லாம், அந்த வக்கீலால், அந்த வாய்தாவால் என்று ஆரம்பித்து, மாஜிஸ்திரேட்டுகள் ஒருவர் விடாமல் வைது தீர்த்தேன். ஒரு வருஷம் வீட்டிலேயே வாத்தியார் வைத்துப் படித்துவிட்டு நேரே எட்டாவது சேரலாம், பணம் இருக்கிறது பார் என்று முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபக்காரி அல்ல அவள், என்னை மாதிரி இல்லை.

"ஆடு என்னுதுன்னு நீயும் சொன்ன, அவங்களும் சொன்னாங்க, கோர்ட்டுலயும் அப்படித்தான் எழுதினாங்க" என்றாள். "ரெண்ட வித்துட்டு என்னச் சேத்துடுமான்னு நான் சொல்லியிருப்பேன். கேஸு தோத்தா தோக்குது. எங்கிட்ட நீ ஒரு தடவகூட கேக்கலியேம்மா."

முந்தானை முடிச்சிலிருந்து கையை எடுத்தேன். அவள் அதன் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. மீதி மாதங்களுக்கு வேறு மனுப் போடலாம் வாங்க என்று வக்கீல் இரண்டு கார்டு எழுதினார். நான் போகவில்லை.